லீவர் என்று முடிகிற ஒரு சொல்

எங்கள் வீட்டு மதிலை இன்னும் இரண்டு வரி கல் உயர்த்திக் கட்டாததற்குக் காரணம் சீமெந்து விலை என்றுதான் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் பதியுதீன் கல்முனைப் பஸாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். சீமெந்து மூட்டைக்கு நடுவில் வாழ்கிறவள் சீமெந்து விலையைக் குறை சொன்னால் யார் நம்புவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நம்பினார்கள். ஸம்ஸியா மாமி சொன்னால் நம்புவது எங்கள் வீதியில் ஒரு பழக்கம். உண்மை என்னவென்றால், மதில் நான் நாடியை ஊன்றிப் பார்க்கச் சரியான உயரத்தில் நிற்கிறது. இன்னும் இரண்டு வரி வைத்தால் பக்கத்து வீட்டு முற்றம் மறைந்துபோகும். இந்த வயதில் ஸ்டூலில் ஏறி விழுந்தால் என் இடுப்புக்கு யார் பொறுப்பு.

இருங்கள் டொக்டர், தேநீரைக் குடியுங்கள். நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பக்கத்து வீட்டு நிப்லா குடித்த மருந்துத் தூள் எங்கிருந்து வந்தது? அவள் கொழும்பு ஆஸ்பத்திரியில் ஈரல் கெட்டுக் கிடக்கிறாள். தூளில் என்ன இருந்ததென்று தெரிந்தால் வைத்தியத்துக்கு ஒரு வழி பிறக்கும், தெரியாவிட்டால் ஈரலையே மாற்ற வேண்டி வரலாம் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டீர்கள். விளங்கியது. சொல்லத்தான் போகிறேன். ஆனால் எந்தக் கதையையும் நான் நடுவிலிருந்து தொடங்கிப் பழக்கப்பட்டவள் இல்லை.

நிப்லா முத்தலிப் காக்காவின் ஒரே மகள். படிப்பு முடித்து வந்து, வீட்டு அறையில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்தாள். மகள் ஹாட்வெயார் செய்கிறாள் என்று முத்தலிப் காக்கா ஒரு ஜும்ஆ முடிந்து சொன்ன அன்று, பதியுதீனுக்குப் பகல் சோறு இறங்கவில்லை. பஸாருக்கு இன்னொரு கடை வருகிறது என்று நினைத்துவிட்டார். விசாரித்து வர என்னைத்தான் அனுப்பினார். நான் மதில் வரைக்கும் போனேன். அங்கே ஆணியும் இல்லை, தகரமும் இல்லை. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, கம்பியூட்டரைப் பார்த்து, கை விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளைதான் இருந்தது. அந்தக் காலத்தில் எனக்கு அவளைப் பிடிக்கும். இப்போதும் பிடிக்காது என்று சொல்லமாட்டேன்.

எங்கள் வீதி றிஸ்கான் கட்டாரிலிருந்து வந்த கிழமை, சுஹறா வீட்டு விறாந்தையில் நாங்கள் கொஞ்சப் பெண்கள் கூடியிருந்தோம். றிஸ்கானைக் கம்பனி திருப்பி அனுப்பிவிட்டது, பெட்டி படுக்கை இல்லாமல் வந்தான், பெண்டாட்டி தன் வீட்டு வாசலுக்குள்ளேயே எடுக்கவில்லை என்று நான் ஓட்டமாகச் சொல்லிக்கொண்டு போனேன். நல்ல ஓட்டம் அது. இடையில் மூச்சுக்கூட எடுக்கவில்லை. நிப்லா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“மாமி, றிஸ்கான் காக்கா லீவுல வந்திரிக்கார். பெட்டி கப்பல்ல வருது. பொண்டாட்டிட ஊட்டுலதான் மூணு நேரமும் சாப்பாடு. மூணு பிழ மாமி. ஒண்டெண்டா நானே திருத்திரிப்பன். மூணும் ஒரே இடத்துல வந்தா ஒண்டும் செய்ய ஏலா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. அவள் என்னைக் கேவலப்படுத்த நினைக்கவில்லை. அது அவளுடைய தொழில் பேச்சு என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு என் வீதியே மாறிப்போனது. நான் என்ன சொன்னாலும் முன்வீட்டு நதீரா, “எதுக்கும் நிப்லாட்ட ஒருக்காக் கேட்டுப் பாப்பம்” என்பாள். அரிசியில் கல் பொறுக்குவது போல என் செய்திகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். இத்தனை வருசம் எனக்கு வேறு என்ன சம்பாத்தியம் இருந்தது? பதியுதீனுக்கு ஒரு கடை. எனக்கு ஒரு வாய்.

சண்டை பிடிக்கிற ஆள் இல்லை நான். வட்டிலப்பம் அவித்து எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். கம்பியூட்டரில் நிறம் நிறமாகச் சின்னப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. என்ன மகள் இது என்று கேட்டேன். அவளுக்குச் சந்தோசம். அந்த வீட்டில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை போல.

தூரத்துக்குப் போகிற செய்தியில் நடுவில் ஒரு துண்டு பழுதாகிப் போகும் என்றாள். மின்னல் வெட்டினால் டீவியில் படம் உடைவது மாதிரி. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுதானால் வாங்குகிற பக்கத்தில் கணக்குப் பார்த்துத் திருத்திவிடலாம். ஒரே இடத்தில் மொத்தமாக விழுந்தால்தான் திருத்த முடியாது.

“அப்ப மொத்தமா உழாமப் பாக்கணும்” என்றேன்.

“அது நம்மட கையில இல்ல மாமி. அனுப்ப முந்தியே கலச்சு அனுப்புற. கலியாண ஊட்டுச் சஹன் தட்ட யோசிச்சுப் பாருங்க. ஒரு ஊட்டு ஆக்கள் ஆறு பேரும் ஒரே சஹன்ல சுத்தி இருந்து திண்டா, அந்தச் சஹன் கவுண்டா அந்த ஊடே பட்டினி. ஆறு பேரையும் ஆறு சஹன்ல பிரிச்சு இருத்துங்க. ஒண்டு கவுண்டாலும் ஒரு ஊட்டுல ஒராளுக்குத்தான் சோறில்ல. மத்த அஞ்சு பேரும் அவரப் பாத்துக்குவாங்க.”

“பிரிச்சு இருத்துற ஆள் நீயா?”

“பிரிச்சு இருத்துற மெசின் செய்ற ஆள். ஒராள் இருத்தினா நேரம் போகும். கனபேர் ஒரே நேரத்துல இருத்தணும். ரெண்டு பேர் ஒரே சஹனுக்கு ஒரே நேரத்துல ஆளக் கொண்டு வந்தா முட்டிக்குவாங்க. ஒராள் காத்து நிக்க வேணும். ஒருத்தரும் முட்டாம எப்படி இருத்துற எண்டதுக்குத்தான் என்ட மண்ட காயுது. அதுக்குப் பேர் இன்டர்லீவர்.”

“லீவரா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஈரல் இல்ல மாமி. இன்டர்லீவர். இடையில இடையில கலந்து வெக்கிற. எங்க, சொல்லுங்க பாப்பம்.”

நான் சொன்னேன். இன்டர்லீவர். இரண்டாவது முறை சரியாக வந்தது. டொக்டர், இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊரெல்லாம், பாவம், ஸம்ஸியா மாமிக்கு இங்கிலீசு தெரியாது, காதில் பிழையாக விழுந்துவிட்டது என்று என்னை மன்னித்தபோது, நான் மறுக்கவில்லை. படிக்காதவள் என்ற பெயரால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

வட்டிலப்பத் தட்டைக் கழுவும்போதே என் தொழிலில் இருந்த குறை எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை காலமும் முழுக் கதையையும் ஒரே வாயில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒருத்தி வந்து அந்த வாயைப் பிடித்தால் கதை போய்விட்டது. துண்டு துண்டாகப் பல வாயில் வைத்தால், எந்தத் துண்டைப் பிடித்துப் பார்த்தாலும் அதில் ஒரு குற்றமும் இருக்காது. நிப்லா உண்மையைப் பத்திரமாகக் கொண்டுபோக அந்த மெசினைச் செய்தாள். உண்மையில்லாததும் அதே வழியில் பத்திரமாகப் போகும் என்று அவள் யோசிக்கவில்லை. படித்த பிள்ளைகள் எல்லாவற்றையும் யோசிப்பதில்லை. நான் அவளுடைய மெசினைச் சோதித்துப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சம்பளம்கூடக் கேட்கவில்லை.

அப்போது நிப்லாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை சாய்ந்தமருது றிப்தி. அவனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் விருப்பம். அவள் அந்த நாட்களில் உடுப்புக் காயப்போடும்போதுகூடப் பாடிக்கொண்டிருப்பாள். மதிலடியில் நின்றால் நன்றாகக் கேட்கும்.

பொய் ஒன்றும் நான் தேட வேண்டியிருக்கவில்லை. நிப்லாவின் உம்மா ஹப்ஸா மாட்டிறைச்சியும் பொரியலும் வீட்டில் நிறுத்தியிருந்தாள். முத்தலிப் காக்காவுக்குக் கொலஸ்ட்ரோல். நதீராவிடம் இறைச்சியை நிறுத்திய செய்தியை மட்டும் சொன்னேன். கொலஸ்ட்ரோல் என்பது ஒரு மனிதரின் அந்தரங்கம். வாப்பாவும் மகளும் கொழும்புக்குப் போய் வந்தார்கள், விசா எடுக்க. சுஹறாவிடம் கொழும்பை மட்டும் சொன்னேன். கலியாணப் பெண் என்று ஹப்ஸா மகளுக்கு மஞ்சள் அரைத்துப் பூசினாள், அதனால் முகமும் கழுத்தும் மஞ்சளித்துக் கிடந்தன. தையல்காரியிடம், பிள்ளையின் முகம் மஞ்சளாக இருக்கிறதே, கவனித்தாயா என்று கேள்வியாகத்தான் கேட்டேன். வெளிநாட்டில் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டி வந்ததால் நிக்காஹ்வை முற்படுத்த முடியுமா என்று முத்தலிப் காக்கா மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டிருந்தார். அதை எங்கள் வீதிக் காலிதீன் வீட்டில் சொன்னேன், முற்படுத்துகிறார்கள் என்ற அளவில். கடைசியாக, நிப்லா ஒரு நாள் போனில், “இன்டர்லீவர்ல பிழை, திருத்த ஏலாது போல” என்று அழாக்குறையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அதை மூலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். போகும் வழியில் கடற்காற்று பலமாக இருந்தது. சொல்லின் முன்பாதியை அது கொண்டுபோய்விட்டது.

யாரும் யாரோடும் முட்டக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். நதீராவும் சுஹறாவும் ஒரே வாசலில் ஒன்றாக ஏறினால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒப்பிட்டால் ஆரம்பம் எங்கே என்று கேட்பார்கள். நதீரா தையல்காரியிடம் போகும் நேரத்தில் சுஹறாவை மீன் வாடிப் பக்கம் பேச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தையல்காரி காலிதீன் வீட்டுக்கு அளவெடுக்கப் போன நாளில் மூலை வீட்டாருக்கு என் வீட்டில் கஞ்சி. எனக்கு மண்டை காயவில்லை. நிப்லா மட்டும் என்னிடம் யோசனை கேட்டிருந்தால் அவளுடைய வேலை எப்போதோ முடிந்திருக்கும்.

பிறகு காலிதீனின் மகள் ஸப்னாவுக்குக் கலியாணம். எங்கள் பகுதியில் பெண்கள் பக்கத்துச் சஹனுக்கு ஆள் இருத்துவது எப்போதும் நான்தான். யாருக்கு யாரோடு மனக்கசப்பு, யார் கோழிக்கால் விட்டுக்கொடுக்க மாட்டார், யாருக்கு முழங்கால் மடங்காது என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும். அதற்குள் ஒவ்வொரு துண்டும் பல வாய்க்குப் போயிருந்தது. அன்று ஒவ்வொரு சஹனிலும் இறைச்சியை அறிந்த ஒருத்தி, கொழும்பை அறிந்த ஒருத்தி, மஞ்சள், நிக்காஹ், லீவர் என்று ஐந்து பேரை இருத்தினேன். ஆறாவது இடத்தில் ஒன்றும் தெரியாத ஒருத்தி. கேள்வி கேட்க ஆள் வேண்டுமே. நடுச் சஹனில் ஆறாவது ஆளாக இருத்தியது சுபைறாவை. றிப்தியின் உம்மாவை.

மாப்பிள்ளையின் தாய்க்கு முன்னால் யாராவது சொல்வார்களா என்று கேட்பீர்கள். ஒருவரும் சொல்லவில்லை. சோறு வந்தது, இறைச்சி வந்தது. ஹப்ஸா இப்போது இறைச்சி சமைப்பதே இல்லை என்று ஒருத்தி மரியாதையாகச் சொன்னாள். பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிப்போன களைப்பாக இருக்கும் என்று இன்னொருத்தி. நான் தண்ணீர்க் குவளையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுபைறாவின் கை சஹனுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அந்தப் பந்தலில் எல்லாச் சஹனிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கைகள் நின்றன. இரண்டு சஹனில் கதையின் துண்டு ஒன்று குறைந்திருந்தது. வர வேண்டியவள் வரவில்லை. அந்தச் சஹன்காரிகள் குறைந்த துண்டைத் தாங்களே போட்டு நிரப்பிக்கொண்டார்கள். நான் சொன்னதைவிட அழகாகவே நிரப்பினார்கள்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் நதீரா என் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்: “மாமி, உங்களுக்கு விசயம் தெரியாதா? நிப்லாக்கு ஈரல்ல வருத்தம்.”

அல்லாஹ்வே, எனக்குத் தெரியாதே என்றேன். அன்று முழுக்க நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

சுபைறா கெட்ட மனிசி இல்லை. ஒரு கிழமைக்குள் வந்து, கலியாணத்தை இப்போதைக்கு விடுவோம், பிள்ளை முதலில் சுகமாகட்டும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். றிப்தி உம்மாவின் சொல்லைத் தாண்டாத பிள்ளை. தனக்குச் சுகம்தான் என்று நிப்லா சொன்னது அவனுக்கும் ஆறுதல் சொல்வது போலத்தான் கேட்டது. நிப்லா சும்மா இருக்கவில்லை. இரத்தம் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்ற அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். சுஹறா அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொழும்பில் எடுத்ததா, அப்படியென்றால் கொழும்புக்குப் போனது உண்மைதான் என்றாள். காலையில் ஒரு வீட்டைத் திருத்திவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போவாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் சுற்றியிருக்கும் வீடுகள் கூடி, திருத்திய வீட்டைப் பழையபடி திருத்திவிடும். அவளுடைய மெசின் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அவளிடமே சொல்லலாமா என்றுகூட எனக்கு இருந்தது.

ஒரு நாள் அவள் என்னிடம் வந்தாள். உட்காரவில்லை.

“மாமி, நான் உங்களுக்குச் சொல்லித் தந்தன்தானே, இன்டர்லீவர் எண்டா என்னண்டு. நீங்க சொல்லியும் காட்டினீங்க. சுபைறா மாமிட்ட வந்து அந்த ஒரு சொல்ல மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

நீங்க சொன்னா நம்புவாங்க. எத்தனை மாதமாக அந்த வார்த்தைக்கு நான் காத்திருந்தேன் தெரியுமா டொக்டர். காதுக்குள் தேன் ஊற்றினது போல இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

“மகள், எனக்கு அந்த இங்கிலீசெல்லாம் நினைவு நிக்கிறல்ல” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. தேடித் தேடிக் களைத்த ஒருவர், பிழை எந்த இடத்தில் இருக்கிறதென்று கண்டுபிடித்ததும் முகத்தில் ஒரு அமைதி வருமே, அது. திரும்பிப் படியிறங்கினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது, எல்லோரும்தான் அவளுக்காகத் துஆக் கேட்டுக்கொண்டிருந்தார்களே.

நீங்கள் மணிக்கூட்டைப் பார்ப்பது தெரிகிறது. தூளுக்கு வந்துவிட்டேன்.

ஊர் முழுவதும் ஒரே மாதிரிச் சொல்லும்போது ஒரு தாய் எத்தனை நாள் தாங்குவாள். ஹப்ஸா மதிலடிக்கு வந்தாள். மகள் எதையோ மறைக்கிறாள், அறிக்கையைக்கூட மாற்றி எடுத்திருப்பாளோ என்று அழுதாள். அந்த நேரத்தில், அப்படி ஒன்றும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும், பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு தாய் மதிலடியில் நின்று அழும்போது வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. பதியுதீனின் தம்பி அபூசாலி மூட்டு வலிக்கு வாங்கி, பாதியில் விட்ட தூள் ஒன்று டின்னோடு இருந்தது. வான் வண்டியில் மருந்து விற்றுத் திரிகிற ஒருவரிடம் வாங்கியது. ஈரலுக்கும் நல்லது, காலையும் மாலையும் ஒரு கரண்டி என்று சொல்லி ஒரு போத்தலில் கொட்டிக் கொடுத்தேன். முடிந்ததும் இன்னொரு தடவை கொடுத்தேன். நிப்லா, உம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்று அதைக் குடித்தாளாம். யார் கொடுத்தது என்று ஹப்ஸா மகளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டிருந்தேன். நல்லது செய்தால் விளம்பரம் கூடாது.

அபூசாலி ஏன் பாதியில் விட்டார் என்று கேட்கிறீர்கள். கண் மஞ்சளாகிவிட்டது. ஈரலைத் தின்கிற தூள், வாயில் வைக்காதே என்று ஆஸ்பத்திரியில் ஏசி அனுப்பினார்கள். கூடப் போனது நான்தான். அந்த வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது. அவருக்கு நிறுத்தியதும் சுகமாகிவிட்டது. அவருடையது கடலில் கிடந்து உரமேறிய உடம்பு.

டின் அலுமாரியின் கீழ்த் தட்டில், புடவைக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மிச்சம் இருக்கும். கதவு கொஞ்சம் இறுக்கம், தூக்கி இழுக்க வேண்டும்.

போகிற அவசரத்தில் ஒரு விசயத்தை மட்டும் பிழையாக எழுதிவிடாதீர்கள். நிப்லாவுக்கு ஈரல்ல வருத்தம் என்று ஊரில் முதலில் கதை வந்தபோது, அது வீண் கதை என்று முத்தலிப் காக்கா என் வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார். இப்போது அவர் மகளின் கண் மஞ்சள் பூசாமலே மஞ்சளாக இருக்கிறது. ஈரல் என்று பெரிய டொக்டர்மாரே சொல்கிறார்கள். ஆகவே நான் பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.